அத்தையின் தண்ணீர் பாட்டில்

அத்தையின் இன்டர்வியூவுக்கு எங்கள் குடும்பமே குட்டியானை வண்டியில் ஏறிப் போனது.

அத்தை அப்பாவின் தங்கை. சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவள். கக்கத்தில் கட்டை வைத்துத்தான் நடப்பாள். வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனியில் மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று அவளே போனில் பார்த்து, அவளே பேசி, நாளும் வாங்கிவிட்டாள். நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. உத்திரமேரூர் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, அப்பா வாழைப்பழம், வெற்றிலை, பூ எல்லாம் வாங்கினார். பெண் பார்க்கப் போகிற மாதிரி தட்டு அம்மா மடியில். அத்தையின் தண்ணீர் பாட்டில் என் மடியில்.

எனக்கு அப்போதே எல்லாவற்றுக்கும் கவலைதான். வண்டி கவிழுமோ, தட்டு கவிழுமோ, அத்தைக்கு விக்கல் வந்தால் என்ன செய்வது? அவள் எங்கே போனாலும் பாட்டிலை நிரப்பித் தருவது நான். ஒரு நாளும் அவள் அதைத் திறந்ததில்லை. போனபடியே திரும்பி வரும். ஏதோ விரதம் என்று நினைத்துக்கொள்வேன்.

கம்பெனியில் ஒரு மேடம். தட்டை நீட்டியதும் பயந்து எழுந்துவிட்டார். அப்புறம் மரியாதைக்கு ஒரு பழம் மட்டும் எடுத்துக்கொண்டு, அத்தையிடம் படிப்பு என்ன என்று கேட்டார்.

"ப்ளஸ் டூ மேடம். நல்லா படிக்கும்," என்றார் பெரியப்பா.

"தொடர்ந்து எவ்வளவு நேரம் உட்கார முடியும்?"

"டிவி போட்டா நாள் பூரா உக்காந்துக்கினே கீது மேடம்," என்றார் அப்பா.

"கோவம் வரும். ஆனா மனசுல வெச்சிக்காது," என்று அம்மாவும் ஒன்றைச் சேர்த்துவிட்டாள்.

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தார். "வேலை செய்ய உங்களுக்கு என்ன வசதி செஞ்சு தரணும்? அவங்களே சொல்லட்டும்."

வசதி என்று கேட்டால் வேலை போய்விடும் என்பது அப்பாவின் பயம். "அய்யோ, ஒண்ணியும் வாணாம் மேடம். ஒரு மூலையில போட்டா கெடக்கும்."

"கெடக்கறதுக்கு நான் இன்னா நெல்லு மூட்டையா?" என்றாள் அத்தை. "மேடம், மொதல்ல இவங்க எல்லாரையும் வெளிய உக்கார சொல்லுங்க."

வாட்ச்மேன் பக்கத்தில் பெஞ்சு போட்டு எங்களை உட்காரவைத்தார்கள். "எல்லாம் போச்சி," என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியப்பா துக்கம் தாளாமல் பழமாகத் தின்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அத்தை வாயைக் கையால் மறைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள். மேடம் தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டார். எங்களைப் பற்றித்தான் கோள் சொல்கிறாள் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. வாட்ச்மேன் பாவம் பார்த்து ஒரு பழம் கொடுத்தார். அதுவும் எங்கள் பழம்தான்.

அடுத்த மாதமே வேலை கிடைத்தது. உள்ளே என்ன கேட்டாய் என்று அப்பா எவ்வளவோ துருவியும் அத்தை வாயைத் திறக்கவில்லை.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான், பதினெட்டு வயதானதும் அதே கம்பெனியில் சேர்ந்தபோதுதான் பார்த்தேன்: அத்தை வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சக்கர நாற்காலியும் நுழைகிற அகலத்தில், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, உட்காருகிற மாதிரி ஒரு கக்கூஸ். அண்ணன்மாரை வைத்துக்கொண்டு அதை எப்படிக் கேட்பாள்?

அப்போது எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அத்தை முதல் நாள் வேலை முடிந்து வந்தபோது அவள் பாட்டில் காலி. எங்கேயோ ஒழுகுகிறது என்று பதறி, தண்ணீர் பிடித்துக் கவிழ்த்துப் பார்த்தேன். மறுநாள் மூடியில் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் அதுவும் காலியாகத்தான் வந்தது.