சித்திரையில் யார் வாங்குவார்கள்?

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஆசிரமத்துக்குப் பின்பக்கம். மாடியறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை, மாடியில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி வீட்டில் ஏதோ துக்கம் நடந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த பீனட் பட்டர் டப்பா காலியாம். உலகப் பற்றையெல்லாம் அறுக்க வந்தவருக்கு அந்த டப்பாவை மட்டும் விட முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். மல்லாட்டையை வறுத்துத் தோல் நீக்கி மிக்ஸியில் மைய அரைத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். மறுநாள் அவருடைய தோழிகள் கிண்ணத்தோடு வந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் மிக்ஸி புகைந்து செத்தது.

"மிக்ஸியைக் கொளுத்திட்டு கம்பெனி ஆரம்பிக்கப் போறவ ஊர்ல நீ ஒருத்திதான்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கேலி செய்துவிட்டு, சாயங்காலம் ஒரு விவரத்தோடு வந்தார். ஊருக்கு வெளியே சிறு தொழில் தொடங்குகிறவர்களுக்காக ஓர் உதவி மையம் திறந்திருக்கிறார்களாம். குறைந்த வாடகைக்கு ஷெட், பொதுவில் ஒரு பேக்கிங் மெஷின், லைசென்ஸ் வாங்க வழிகாட்டுதல், கல்லூரி லேபில் பரிசோதனை, எல்லோருக்கும் சேர்த்து ஒரு டெலிபோன். கம்பெனி தன் காலில் நிற்கும்வரை கையைப் பிடித்துக்கொள்வார்களாம். எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரான பிறகு புதிது புதிதாகப் பலகைகள் முளைத்தன. அதில் இதுவும் ஒன்று. பலகையிலிருந்த பெயர் ரொம்ப நீளம் என்பதால் யாரும் முழுதாகப் படித்ததில்லை. எல்லோருக்கும் அது சென்டர்தான்.

சென்டரின் மேனேஜர் ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ரிப்பன் கட்டிய பாட்டிலோடு, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். பாட்டிலை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"யார் வாங்குவாங்க?"

"வெள்ளைக்காரங்க சார்."

"எப்ப இருப்பாங்க?"

"கார்த்திகை தீபத்தை ஒட்டி வருவாங்க. மாசி வரைக்கும் இருப்பாங்க."

"சித்திரையில?"

"வெயில் சார். இமயமலைப் பக்கம் ஓடிடுவாங்க."

"அப்ப சித்திரையில யார் வாங்குவாங்க?"

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷெட் கிடையாது என்று நினைத்து எழுந்தேன். "உக்காருங்கமா. பதில் தெரிஞ்சவங்களுக்கு ஷெட்டு எதுக்கு?" என்றார் மேனேஜர். "மூணு வருஷம் டைம். அப்புறம் அடுத்தவங்களுக்கு விட்டுட்டுக் கிளம்பணும். அதுக்குள்ள பதிலைக் கண்டுபிடிங்க. இல்லன்னா வெளிய போய் முழு வாடகை குடுத்து, வருஷத்துல பாதி நாள் மெஷினுக்கு விளக்கேத்தி வெச்சு கும்பிட்டுக்கிட்டு இருப்பீங்க."

கிளம்பும்போது பாட்டிலை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இலவசமாவும் வேணாம், காசுக்கும் வேணாம். நான் வாங்கினா அது வியாபாரம் இல்லமா, இரக்கம். சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, உங்க வீட்டுக்காரர் ஸ்கூல் டீச்சருங்க, யார் வாங்கினாலும் அதை விற்பனைனு நினைக்காதீங்க." என்ன மனுஷன் இவர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் சொன்ன உதவியில் ஒன்றையும் அவர் குறைக்கவில்லை. வெயிலில் பாட்டிலுக்குள் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தபோது கல்லூரி லேபுக்கு அவரே சைக்கிளில் எடுத்துப்போனார். லேபிளில் என்னென்ன அச்சடிக்க வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். லைசென்ஸ் ஆபீசில் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், எந்த ஜன்னலில் நிற்பது வீண் என்பதுகூட அவருக்குத் தெரியும். என்னோடு கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு பெண்கள் பஸ்ஸில் வந்து வேலை பார்த்தார்கள். குளிர்காலம் முழுக்க எங்களுக்கு நிற்க நேரமிருக்காது. பங்குனி பிறந்ததும் அவர்களை "சொல்லி அனுப்புறேன், அப்ப வாங்க" என்று வீட்டுக்கு அனுப்புவேன். அவர்கள் டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் பஸ் ஏறும்வரை வாசலிலேயே நிற்பேன்.

பக்கத்து ஷெட்டில் பை தைக்கும் பாய் இருந்தார். பெரிய கடைத் தெருவில் தலைமுறையாகத் தையல் தொழில் செய்த குடும்பம். இவர் மட்டும் மோட்டார் மெஷின்கள் போட்டுத் தோள்பை கம்பெனி ஆரம்பித்திருந்தார். நான் புலம்பினால் தைத்துக்கொண்டே கேட்பார். "மேனேஜர் உங்களைக் கேட்கறது ஒரு கேள்விதான்மா. என்னை ஒம்போது கேட்கறாரு" என்பார்.

இரண்டு கோடை போயிற்று. கேள்வி அப்படியே நின்றது. இதற்கிடையில் பௌர்ணமிதோறும் எனக்கு இன்னொரு எரிச்சல். கிரிவலக் கூட்டம் வந்தால் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். என் பெண்களால் வந்து சேர முடியாது. அதனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஷெட்டைப் பூட்டிவிடுவேன். ஒருமுறை மேனேஜரிடமே போய் அலுத்துக்கொண்டேன்.

"இந்தக் கூட்டம் நம்ம பொழப்பைக் கெடுக்குது சார்."

"நிறைய பேர் வராங்களோ?"

"கணக்கே இல்ல சார். எங்கெங்கிருந்தோ வராங்க."

"சித்திரையில?"

"ஐயோ, சித்திரா பௌர்ணமிக்குத்தான் ரொம்ப ஜாஸ்தி! தெருவுல கால் வைக்க முடியாது."

மேனேஜர் என்னைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார். என் கஷ்டம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்து ஆறுதலோடு வந்தேன்.

மூன்றாவது வருடம் தொடங்கியதும் விஜயதசமி வந்தது. முதல் நாள் ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்து, பொரி, கடலை, வெல்லம் படைத்துச் சும்மா விட்டுவிடுவோம். மறுநாள் காலை நல்ல நேரத்தில் மறுபடி ஓட்டிப் புதுக் கணக்குத் தொடங்க வேண்டும். அந்த வருடம்தான் சென்டரில் எல்லா ஷெட்டும் நிரம்பியிருந்தது. எல்லோர் வீட்டிலும் மாட்டியிருந்தது ஒரே மளிகைக்கடை கொடுத்த நாள்காட்டி. ஆகவே எல்லோருக்கும் ஒரே நல்ல நேரம்.

குடும்பம் குடும்பமாக வந்து அவரவர் மெஷின் முன்னால் நின்றோம். கையில் கற்பூரம், இன்னொரு கை சுவிட்சில். பாயின் மெஷின்கள் மட்டும் விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன. நேரம் வந்தது. சென்டரே ஒன்றாகச் சுவிட்சைத் தட்டியது. என் அரவை மெஷின் ஒரு முறை உறுமியது, மல்லாட்டையைக் கொஞ்சம் நொறுக்கியது. பிறகு கம்பத்தின் மேல் பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். அடுத்து சென்டர் முழுக்க நிசப்தம். அதில் பாயின் குரல் மட்டும் கேட்டது.

"யா அல்லா, இன்னா நல்ல நேரம்மா இது?"

மேனேஜர் வெளியே வந்தார். "ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போட்டிருக்கக் கூடாதா?" என்றார். போட்டிருக்கலாம். ஆனால் யார் இரண்டாவதாகப் போடுவது? அன்று விடுமுறை. கரண்டு ஆபீசுக்கு ஆள் அனுப்பி, லைன்மேன் எப்போது வருவாரோ என்று காத்திருந்தோம்.

வெயில் ஏறியது. வந்திருந்த பிள்ளைகள் பசியில் நச்சரித்தன. என் மெஷினுக்குள் பாதி அரைபட்ட மல்லாட்டை கிடந்தது. மையவும் இல்லை, முழுசாகவும் இல்லை, வெள்ளைக்காரர்களுக்கு ஆகாது. வீணாக்க மனசு வரவில்லை. நேற்றுப் படைத்த வெல்லத்தைத் தட்டிப்போட்டு, வீட்டிலிருந்து கொஞ்சம் சுக்கும் ஏலக்காயும் வரவழைத்து, பெண்கள் இரண்டு பேரும் நானும் கையாலேயே பிசைந்து உருட்டினோம். பாகு காய்ச்சாததால் கடைக் கடலை உருண்டைபோல் கல்லாக இல்லை, வாயில் போட்டதும் கரைந்தது. ஷெட் ஷெட்டாகக் கை நீண்டது. என் வீட்டுக்காரர் எத்தனை தின்றார் என்பதைக் கணக்கு வாத்தியாரான அவரே எண்ணவில்லை.

லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி, கருகிய பீஸ் கட்டையை மாற்றிவிட்டு இறங்கினார். அவருக்கும் கொடுத்தோம். ஒன்றைத் தின்று, இன்னொன்றைத் தின்று, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இது எங்கம்மா விக்கிறீங்க? வர்ற பௌர்ணமிக்கு எங்க மாமியார் ஊட்டுக்காரங்க மலை சுத்த வராங்க. வழியில திங்கறதுக்கு வாங்கிக் குடுக்கணும்."

"பௌர்ணமிக்கு ஷெட்டு லீவுங்களே" என்றேன்.

பாய் தையலை நிறுத்திவிட்டார். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"லீவா?" என்றார்.

இரண்டு வருடமாக நான் தேடிய பதில் மாதாமாதம் என் தெரு வழியாகத்தான் நடந்துபோயிருக்கிறது. நான் கதவைச் சாத்திக்கொண்டு, தூசி வருகிறதே என்று ஜன்னலையும் சாத்தியிருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மேனேஜர் சும்மா இருக்கவிடவில்லை. உருண்டை எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று லேபில் பார்த்து வரச்சொன்னார். கூடையில் அடுக்கியா, பாக்கெட் போட்டா என்று கேட்டுப் பொது பேக்கிங் மெஷினில் என்னையே உட்கார வைத்தார். கடைகளுக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு பௌர்ணமிப் பகலில் கிரிவலப் பாதையில் நானே நின்று விற்க வேண்டும் என்றார். தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, பாக்கெட்டைத்தான் பார்த்தார்கள். நடந்துகொண்டே தின்னத் தோதாகப் பாய் ஒரு சின்னத் தோள்பை தைத்தார். பைக்குள் என் பாக்கெட், பாக்கெட்டோடு அவர் பை என்று இரண்டும் சேர்ந்து விற்றுப்போயின.

அந்தச் சித்திரையில் கீழ்பென்னாத்தூர்ப் பெண்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. பௌர்ணமிக்கு முந்தின நாளே வரச்சொல்லி மாடியறையில் தங்க வைத்தேன். வெள்ளைக்காரர்கள் கோடைக்குக் காலி செய்த அறைதான். சித்திரா பௌர்ணமியன்று மத்தியானத்துக்குள் ஓர் உருண்டை மிச்சமில்லை. காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து மூன்று பேரும் மோர் குடித்தோம். என் வாழ்நாளில் அப்படி ஒரு மோர் குடித்ததில்லை.

புரட்டாசியில் மூன்று வருடம் முடிந்தது. அப்போதுதான் எனக்குப் புது வியாதி வந்தது. சென்டரை விட்டுப் போக மனமில்லை. கூப்பிட்ட குரலுக்குப் பாய், டெலிபோன், பேக்கிங் மெஷின், எப்போதும் திட்டுவதற்கு ஒரு மேனேஜர். வெளியே யார் இருக்கிறார்கள்? இன்னும் ஒரு வருடம் நீட்டித்துக் கேட்கலாம் என்று போனேன்.

"சித்திரையில யார் வாங்குறாங்க?" என்றார்.

"மலை சுத்த வரவங்க சார்."

"ஐப்பசியில?"

"அவங்கதான். பள்ளிக்கூடத்து வாசல் கடையிலயும் கேட்கறாங்க."

"அப்புறம் இங்க இன்னா வேலை உங்களுக்கு? வெளிய ஒரு பையன் சோலார் விளக்கோட நிக்கறான். யார் வாங்குவாங்கன்னா முழிக்கறான். அவனுக்கு இடம் வேணும்."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விரட்டுகிறார் என்ற கோபமும் இருந்தது. ஊருக்குள் ஒரு பழைய அரிசி மண்டியை வாடகைக்குப் பிடித்தேன்.

மெஷினைக் கழற்றி டெம்போவில் ஏற்றிய காலையில் எல்லா ஷெட்டிலிருந்தும் தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள், குங்குமம், பூ, வாழைப்பழம், இனிப்பு. யார் ஏற்பாடு என்று பார்த்தால் முன்னால் நிற்பது பாய்.

"முதல் பிரசவம் முடிஞ்சு தாய்வீட்டுலேர்ந்து அனுப்புறோம். வெறுங்கையோடவா அனுப்புவாங்க?" என்றார். அவர் தட்டின் நடுவில் வெற்றிலை மேல் ஒரு புது பீஸ் கட்டையும் ஒரு சுருள் ஃபியூஸ் கம்பியும் இருந்தன. எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரே நேரத்தில் சிரித்தும் அழுதும் தட்டை வாங்கிக்கொண்டேன்.

மேனேஜரைக் காணவில்லை. வாட்ச்மேனைக் கேட்டேன், காலையிலேயே வெளியே போனார் என்றார். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூட வரவில்லையே என்று மனசு கசந்தது. டெம்போவில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

மண்டி வாசலில் சைக்கிள் ஒன்று நின்றிருந்தது. பூட்டியிருந்த கதவுக்கு முன்னால், வெயிலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கியதும் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார்.

"ரெண்டு பாக்கெட் குடுங்கமா" என்றார். "மீதிச் சில்லறை சரியா இருக்கணும்."