தண்ணீர் குடித்தீர்களா?

இரண்டு வருஷம் இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மூன்றாவது மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடுவோம். மக்களுக்கு உபயோகமான எத்தனையோ மென்பொருள்களை யார் யாரோ செய்து, எவரும் திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதில் கைகொடுக்க வருகிறவர்களுக்கு எந்த வேலை பொருந்தும் என்று பார்த்துச் சேர்த்துவிடுவது என் பொறுப்பு. கல்யாணத் தரகர் வேலை என்று வீட்டில் கேலி செய்வார்கள். இதற்காக நானே ஒரு ஃபாரம் தயாரித்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஒரு ஞாயிறு, கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து ஒருவர் வந்தார். மாடி ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. என் வயசுதான் இருக்கும். ஆனாலும் அவர் என்னை அக்கா என்றார், நான் அவரை அண்ணே என்றேன். வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டுமே, ஒரு பாட்டிலை நீட்டினேன். வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“கோடிங் தெரியுமாண்ணே?”

“தெரியாதுக்கா. லோரி ஓட்டிக்கிட்டு இருந்தேன்.”

“மொழிபெயர்ப்பு?”

“அதெல்லாம் நமக்கு வராது லா.”

அப்புறம் எதற்கு வந்தார்? என் ஃபாரத்தில் அந்தக் கேள்வி இல்லை, நானும் கேட்கவில்லை. ‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுதி வைத்தேன்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டை. நான் கொடுத்த பாட்டில் மறுபடியும் மூடி திறக்காமலே நாற்காலிக்கு அடியில் கிடந்தது. என் கையால் வாங்கிக் குடிக்க யோசிக்கிறாரோ என்று நினைத்தபோது மனசு சுருக்கென்றது. பிடிக்கவில்லையென்றால் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மருந்து வேளையை நினைவுபடுத்தும் செயலி ஒன்றை அப்போது தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்தில், அங்கு வருகிறவர்களின் போனில் அதைப் போட்டுத் தருவதாக ஏற்பாடு. மூன்றாவது ஞாயிறு, சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று என் போனை அவரிடம் கொடுத்து, எல்லாவற்றையும் அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். மருந்தோடு தண்ணீரையும் நினைவுபடுத்த, ‘ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தீர்களா?’ என்று அந்தச் செயலி மணிக்கு ஒரு தடவை கேட்கும். சோதனைக்காக ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்க வைத்திருந்தோம். அவர் ஒவ்வொரு தடவையும் ‘இல்லை’யையே அமுக்கினார். “குடிச்சாச்சுன்னா பச்சையை அமுக்கணும்ணே” என்று மூன்று தடவை விளக்கினேன். குரலில் எரிச்சல் வந்திருக்கும்.

“பட்டன் புரியுதுக்கா. ஆனா நாங்க இப்படித் தண்ணி குடிக்கக் கூடாது.”

நாங்கள் என்றால் யார்? நான் விழித்ததைப் பார்த்து, சட்டைக் கையை மேலே சுருட்டினார். நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது, அதன்மேல் வரிசையாக ஊசித் தழும்புகள்.

“வாரத்துல மூணு நாளு டயாலிசிஸ். அங்க நீங்க ஒட்டியிருந்த நோட்டிஸப் பாத்துதான் வந்தேன். எனக்கு ஒரு நாளைக்கே ரெண்டு கிளாஸ்தான்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இது சொல்ற மாதிரி குடிச்சா, தண்ணி நெஞ்சுல கட்டிக்கிட்டு மூச்சே நின்னுரும். பக்கத்து பெட் ஆன்டியெல்லாம் போன் சொன்னா அப்படியே நம்பிருவாங்கக்கா.”

தண்ணீர் பற்றிய அந்த வரியைத் தமிழில் எழுதியது நான்தான். நன்றாக வந்திருக்கிறது என்று நாலு பேரிடம் காட்டியும் இருக்கிறேன். நாற்காலிக்கு அடியில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். “வேணாம்னு சொல்லியிருக்கலாமேண்ணே?”

“ஆசையா குடுக்கறீங்க. வேணாம்னா தப்பா நினைச்சுக்குவீங்களேன்னுதான்.”

அன்றைக்கே மையத்துக்குப் போன் செய்து ஏற்பாட்டை நிறுத்தினோம். செயலி செய்தவர்களுக்கு எழுதினோம். அவரவர் டாக்டர் சொன்ன அளவைப் போட்டால்தான் தண்ணீர்ப் பேச்சே வரும்படி அவர்கள் மாற்றினார்கள். அண்ணன் அதையும் அமுக்கிப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கிள்ளானுக்குக் கொண்டுபோனோம். உதவியவர்கள் பட்டியலில் போட, அண்ணன் என்ன வேலை செய்தார் என்று செயலி செய்தவர்கள் கேட்டார்கள். என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் அந்தக் குழப்பம் தீரவில்லை.

இப்போதும் யார் மாடி ஏறி வந்தாலும் என் கை தானாகப் பாட்டிலுக்குப் போகும். எடுப்பதற்கு முன் “தண்ணி குடிக்கலாமா?” என்று கேட்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், கேட்காமலே செய்யவிருந்த நல்லதில் ஓர் உயிர் போயிருக்கும் என்ற நடுக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.