மெட்ராஸ் அழகர்சாமியின் பெண்டாட்டி

யட்டவத்த சந்தையில் பிள்ளைகளுக்குக் கவுண் வாங்கியிருந்தால் நீங்கள் பரிமளத்திடம்தான் வாங்கியிருப்பீர்கள். வேறு யாரிடமாவது வாங்கியிருந்தால் அது உங்கள் தலைவிதி. பரிமளம் தைத்ததை மூத்தவள் போட்டு, இளையவள் போட்டு, கடைசியில் அது அடுப்படித் துணியான பிறகும் தையல் விடாது. அவள் சிங்களத்தில் பேரம் பேச ஆரம்பித்தால் வாங்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இத்தனைக்கும், இந்த நாட்டில் பரிமளம் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசி அவளிடம் கிடையாது.

அவள் இந்தியாவிலிருந்து களவாகத் தோணியில் வந்தவள். சுதந்திரம் கிடைத்து ஓரிரு வருஷம் இருக்கும். தாயில்லாத பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவளுடைய தகப்பன் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தார். என் வாப்பா ஜைனுதீன் மாத்தளைக் கடைத்தெருவில் மிளகும் பாக்கும் வாங்கி விற்பவர். அவர் கடையில்தான் அந்த மனிதர் மூட்டை தூக்கினார். காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தபோது உம்மா யாரையும் கேட்கவில்லை. பரிமளத்தின் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"ஜெஸீமாவுக்கு ஆக்கிற சோத்துல ஒரு பிடி கூட ஆக்கினா சரி" என்றார். ஜெஸீமா நான்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் உம்மாவே அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மாரியம்மன் கோவிலுக்கு அனுப்பி வைப்பார். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி ஆக்குகிற நாளில் அவளுக்குத் தனிச் சட்டியில் பருப்பு. அந்தப் பருப்பில் எனக்கும் பங்கு வேண்டுமென்று நான் அழுது அடம்பிடித்ததை உம்மா கடைசி வரைக்கும் சொல்லிச் சிரித்தார்.

பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், அதனால் அவள் போகவில்லை. என் புத்தகத்தைப் பிடுங்கியே எழுத்துப் படித்தாள், பிறகு எனக்கே பிழை திருத்தினாள். அந்தத் திமிர் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. அவளுக்கு உம்மா போட்ட சட்டம் ஒன்றுதான்: தெரியாத ஆள் யாராவது "நீ எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்டால் வாயைத் திறக்காமல் பின்கட்டுக்கு ஓடிவிட வேண்டும். ஓடி ஓடிப் பழகியவளை எங்கள் தெருவில் ஓடிப்பிடித்து விளையாட்டில் ஒருத்தராலும் பிடிக்க முடியாது.

அழகர்சாமியைக் கட்டியது அவளாகத் தேடிக்கொண்டது. எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்து, கொழுந்து மலைக்கு முதுகைக் காட்டிவிட்டு டவுனுக்கு இறங்கி வந்த தையல்காரர். நல்ல மனிதர், ஆனால் படப்பைத்தியம். மெட்ராஸ் படம் எது வந்தாலும் மூன்று தடவை பார்ப்பார். ஊரே சாரம் கட்டும்போது இவர் மட்டும் பட்டைக்கரை வேட்டி. தலைமுடியில் ஒரு குருவி கூடு கட்டலாம். பேசுவதும் படத்தில் வருகிற மாதிரித்தான். மாத்தளை தாண்டி ஒரு பஸ் ஏறாத மனிதருக்கு ஊர் வைத்த பெயர் 'மெட்ராஸ்'. அந்தப் பெயரில் அவருக்குப் பெருமை வேறு.

கல்யாணம் கோவிலில் நடந்தது. வாப்பா தொப்பியோடு வாசலில் நின்று, பெண் வீட்டுக்காரராக எல்லாரையும் கும்பிட்டு வரவேற்றார். உம்மா அழுத அழுகையில் மேளச் சத்தம் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்றைத்தான் பரிமளம் புருஷனிடம் சொல்லவில்லை. ஒரு நாள் தையல் கடையில் அவர், "தோணியில வர்றவங்களாலதான் தோட்டத்துல பொறந்த நமக்கும் கெட்ட பேரு" என்று சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. அதிலிருந்து வாய்க்குப் பூட்டு.

"சொல்லிடு பரிமளம்" என்பேன்.

"இன்னிக்கி அவரு சந்தோசமா இருக்காரு, கெடுக்க வேணாம்" என்பாள். மறுநாள் கேட்டால், "இன்னிக்கி கோவமா இருக்காரு" என்பாள். தெரிந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயம். பொலிஸ் பிடித்துக் கப்பலேற்றுவதைவிட அதுதான் பெரிய பயம்.

அறுபதுகளில் தோணிக்காரர்களைத் தேடிப் பொலிஸ் ஜீப் சந்தை சந்தையாக அலைந்தது. அப்படி ஒரு நாள், யட்டவத்தையில் கவுண் மூட்டையை இறக்கிவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் தேத்தண்ணிக் கடைக்குள் போனார்கள். எங்கள் பக்கத்தில் எப்படிக் குடிப்பார்கள்? இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, வலது கையில் வெறும் தேத்தண்ணி, ஒரு நக்கு, ஒரு மிடறு. பரிமளமும் அப்படித்தான் குடித்தாள். நம்முடைய மெட்ராஸ் மட்டும், "ஸ்ட்ராங்கா ஒரு டீ போடுப்பா" என்று சத்தமாகக் கேட்டு, சீனியை உள்ளே கொட்டி, கிளாசுக்குக் கிளாஸ் ஒரு முழ உயரத்தில் ஆற்றினார். மூலையில் சாதாரண உடுப்பில் உட்கார்ந்திருந்த பொலிஸ்காரர் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். சீனி நக்கிக்கொண்டிருந்த தோணிக்காரியை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

பரிமளம் பஸ் பிடித்து, மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்தாள். வாப்பா மிளகு வாங்க நாவுலைக்குப் போயிருந்தார். எல்கடுவைக்கு ஆள் அனுப்பி அழகர்சாமியுடைய தாயைக் கூட்டி வருவதற்குள் அவரைக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள்.

"நீ போகாத மகள். ஜெஸீமா போய்ச் சொல்லட்டும்" என்றார் உம்மா. "ஒன்னயே திருப்பிக் கேட்டா என்னா செய்வாய்?"

"இவ சிங்களத்துக்கு மீன்காரனே ஓடுவான். எம் புருசன், நான்தான் போவேன்" என்றாள் பரிமளம். என் சிங்களத்தைப் பற்றி அவள் சொன்னது உண்மை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் கூடப் போனேன்.

மாத்தளைப் பொலிஸில் அழகர்சாமி நீளமான மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பயத்தில் மனிதருக்குப் படத் தமிழ் மட்டுமே வந்தது. "ஐயா, நான் குற்றமற்றவன், என்னை நம்புங்கள்" என்று கைகூப்பினார்.

"இந்த ஊரில் யார் இப்படிப் பேசுவார்கள்?" என்றார் தமிழ் தெரிந்த இன்ஸ்பெக்டர்.

"அது படம் பார்த்து வந்த நோய் மாத்தயா" என்று பரிமளம் சிங்களத்தில் பிடித்துக்கொண்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, சந்தைக் குரலில், "ஏய்யா, ஆத்தாவ எங்க விட்டுட்டு வந்தீங்க? இன்னேரம் அது எந்த மலையில நிக்கிது? சொல்லித் தொலைங்க" என்றாள்.

தாயின் பெயர் வந்ததும் அவர் உடைந்துபோனார். "மேக்கணக்கு மலையில நிக்கிதுங்க. ராசம்மான்னு சொன்னா கங்காணிக்குத் தெரியுங்க. தேயில ஸ்டோருக்குப் பின்னால ரெண்டாவது லயம், தண்ணி புடிக்கிற பீலிக்கரைக்குப் பக்கத்துல. நான் அங்கதாங்க பொறந்தேன்" என்று அழுகையும் தமிழும் தோட்டத்துப் பாணியில் கொட்டின. எல்கடுவையில் வேலை பார்த்திருந்த ஒரு கான்ஸ்டபிள், "இடம் சரிதான் சேர்" என்றார்.

இன்ஸ்பெக்டர் பரிமளத்தைப் பார்த்தார். "நீ எந்த ஊர் நங்கி?" என்று தங்கையைக் கேட்பதுபோலக் கேட்டார்.

ஓடி ஒளியப் பின்கட்டு அங்கே இல்லை.

"மாத்தளை" என்றாள் பரிமளம்.

"தெரிகிறது. சந்தையில் என் மனைவியை வாயடைக்க வைத்தவள் நீதானே?" என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிளிடம், "ஊர்க்காரி வந்து சொல்லிவிட்டாள், போதும். ஆளை விடு. இவனுக்குத் தேத்தண்ணி குடிக்கப் பழக்கு நங்கி" என்றார்.

வெளியே வந்து கடைத்தெரு திரும்புகிற இடத்தில் பரிமளம் நின்றாள். "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தோணியில வந்தது நான்தான். சின்னப் புள்ளயில, அப்பாகூட."

அழகர்சாமி நின்றுவிட்டார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"அப்படின்னா," என்றார் மெதுவாக, "நீ மெட்ராச பாத்திருக்கியா?"

"இல்லிங்க. கடலத்தான் பாத்தேன். வழி பூரா வாந்தி எடுத்தேன்."

அவருடைய முகம் விழுந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "இது தெரிஞ்சுமா பொலிசுக்குள்ள வந்த? ஒன்னயப் புடிச்சிருந்தா? அன்னிக்கி நான் கடையில பேசினது தப்பு புள்ள. நீ எந்த ஊரா இருந்தா எனக்கென்ன?"

"எந்த ஊரான்னா?" பரிமளம் இடுப்பில் கை வைத்தாள். "நான் மாத்தளை. இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாரு."