பொங்கல் விழாவின் பிரதம விருந்தினர்

எங்கட ஆக்களுக்குச் சினிமா எண்டால் போதும். எந்தச் சினிமா, ஆர் எடுத்தது, என்ன எடுத்தது, ஒரு கேள்வி கிடையாது. ஜேர்மனியில, கொலோனில நான் ஒரு படக் கொம்பனியில வேலை செய்யிறன் எண்டு ஒருநாள் வாய் தவறிச் சொன்னதுதான் பிழை. வாய் தவறி எண்டும் சொல்லேலாது. புழுகித்தான் சொன்னனான்.

அப்ப எண்பதுகளின்ர நடுப்பகுதி. இரண்டு வருசம் ஹைம் எண்டுற அகதிகள் விடுதியில சும்மா கிடந்து, ஒருமாதிரி வேலை செய்ய அனுமதி கிடைச்சுது. வேலை தேடிக் குடுக்கிற கந்தோரில ஒரு விலாசத்தைத் தந்து போய்ப் பார் எண்டாங்கள். போனால் ஒரு பின்முற்றத்துக் கட்டடம். அறுபது வயது மதிக்கக்கூடிய ஒரு வெள்ளைக்கார மனிசி, மூக்குக்கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கொண்டு, படச்சுருள் வெட்டுற மேசைக்கு முன்னால இருந்தா. என்னை ஏற இறங்கப் பாத்தா. "நான் வயது வந்த ஆக்களுக்கு மட்டும் காட்டுற படம் எடுக்கிறனான். உடுப்பில்லாத ஆக்கள் வருவினம். உனக்குச் சரியோ?" எண்டா. காது ரண்டும் சுட்டுது. ஆனா இன்னும் ஒரு மாசம் அந்த ஹைமில சும்மா கிடந்தால் எனக்கு விசர் பிடிச்சிருக்கும். ஓம் எண்டன்.

பழைய சுருள்களைத் துடைச்சு, மேசையில பின்னுக்கு ஓட்டிச் சுத்தி, தகரப் பெட்டியில போட்டுப் பேர் எழுதி அடுக்கிறது என்ர வேலை. பின்னுக்கு ஓட்டேக்க படத்தில நிக்கிற எல்லாரும் ஒவ்வொரு உடுப்பா எடுத்துப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வெளியால போவினம். இரண்டு மாசத்தில அது எனக்குப் பழகிப் போச்சு.

பழகாதது மனிசியின்ர வாய்தான். பின்னேரம் நாலு மணிக்குக் கோப்பியும் கேக்கும். அந்த நேரம் தன்ர கதையைத் தொடங்கினால் ஆராலயும் நிப்பாட்டேலாது. இரண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச கையோட ஒரு நாடகக் கொட்டகையில பொத்தான் தைச்சதாம். பிறகு ஒரு படக் கொம்பனியில சுருள் வெட்டினதாம். அங்க ஆம்பிளையள் எடுத்துக்கொண்டு வாற படங்களில, குளிரில நடுங்கிற பெண்டுகளின்ர முகத்தை வெட்டி எறியிறதுதான் தன்ர வேலை எண்டா. வெட்டி வெட்டிக் கொதி வந்து, இதை நானே எடுத்தால் என்ன எண்டு கிளம்பினவ. அந்தக் காலத்தில இந்த வேலைக்கு ஒரு பொம்பிளை வந்ததே புதினம். தொடக்கத்தில படத்துக்கு முன்னால வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தரை நிப்பாட்டி டொக்டர் மாதிரிப் பிரசங்கம் செய்ய வைக்கோணுமாம், தணிக்கைக்காரரைச் சமாளிக்க. அப்பிடியும் பொலிஸ் வந்து சுருளை அள்ளிக்கொண்டு போகும். கோடு, நீதவான், வழக்கு, பேப்பரில திட்டு. தாய் செத்ததைக்கூடத் தமையன்காரன் அறிவிக்கேல்லை. பிறகு சட்டம் மாறி, தியேட்டர் நிரம்பி, இப்ப வீடியோ வந்து திரும்பவும் வெறிச்சுப் போச்சுது.

படம் எடுக்க முதல் அறையைச் சூடாக்கோணும், ஒப்பந்தத்தை உரக்க வாசிச்சுக் காட்டோணும், ஆர் நிப்பாட்டு எண்டாலும் கமெராவை நிப்பாட்டோணும். இந்த மூண்டையும் ஐம்பது தரம் கேட்டிருப்பன். எனக்கு ஏன் சொல்லுறீங்கள், நான் என்ன படம் எடுக்கப் போறனோ எண்டு கத்தோணும் போல இருக்கும்.

அந்த நேரம் எனக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்துது. எங்கட தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் அண்ணையின்ர தங்கச்சி. அண்ணையோடதான் இருந்தா. இரண்டு தரம் தேத்தண்ணி குடிக்கப் போய்ப் பாத்தனான். சும்மா பிடிச்சுதெண்டில்லை, சாப்பாடு இறங்காத அளவுக்குப் பிடிச்சுது. எங்கட ஆக்கள் மாப்பிள்ளையை எப்பிடித் துருவி விசாரிப்பினம் எண்டு தெரியும்தானே. என்ன வேலை எண்டு கேட்டதுக்குத்தான் "படக் கொம்பனி, பெரிய டைரக்டர் அம்மா" எண்டு அவிட்டுவிட்டன். உண்மை தெரிஞ்சால் அண்ணை என்னைப் படியால கலைச்சுவிடுவார்.

பிரதம விருந்தினர் இல்லாமல் எங்கட சங்கத்துக்குப் பொங்கல் பொங்காது. பொன்னாடை போத்த ஒரு ஆள் வேணும். மண்டபம் தந்த தேவாலயத்துப் பாதிரியார் வர ஏலாது எண்டு எழுதிப் போட்டார். அண்ணை துள்ளி எழும்பினார். "தம்பின்ர டைரக்டர் அம்மா இருக்கிறா தானே!" அவவுக்கு நேரமில்லை எண்டன். சுகமில்லை எண்டன். சனத்தைக் கண்டால் பிடிக்காது எண்டன். ஒண்டும் எடுபடேல்லை. அழைப்புக் கடிதத்தை ஒரு கிழமை பொக்கற்றுக்குள்ள வைச்சிருந்தன். மனிசன் விட்டால்தானே? கொம்பனிக்கே ரெலிபோன் அடிச்சு, தனக்குத் தெரிஞ்ச நாலு டொச் சொல்லில, அரைகுறை ஜேர்மன் பாசையில, கூப்பிட்டுப் போட்டார்.

மனிசி என்னைக் கூப்பிட்டு இருத்தினா. "நான் என்ன படம் எடுக்கிறன் எண்டு உன்ர ஆக்களுக்குத் தெரியுமோ?" இல்லை எண்டால் அந்த இடத்திலேயே ரெலிபோனை எடுத்து அண்ணைக்கு விளக்கம் குடுத்திருப்பா. அப்பிடியான பிறவி. "ஓம், தெரியும்" எண்டன். அவ நெத்தியில கிடந்த கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. பிறகு, உங்கட ஆக்களுக்கு முன்னால என்ன நிறத்தில உடுத்தினால் மரியாதை எண்டு கேட்டா.

பொங்கலண்டு தலைமயிரைச் சுருட்டி, கடும் நீலத்தில சட்டை போட்டு, மத்தியானமே வந்திட்டா. குத்துவிளக்கு ஏத்த வைச்சு, மாலை போட்டு, பொன்னாடை போத்தி, கலைத்தாயின் தவப்புதல்வி எண்டெல்லாம் அண்ணை வாசிச்சுத் தள்ளினார். சனம் கை தட்டுது. மனிசி பொன்னாடையை ரண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு பேச எழும்பினா. மொழிபெயர்க்க ஆர்? நான்தான், வேற ஆர்.

"நான் எடுக்கிற படங்களாலை இந்த ஊரில ஒருத்தரும் என்னை ஒரு மண்டபத்துக்கும் கூப்பிட்டதில்லை" எண்டு தொடங்கினா. நான் தமிழில, "அம்மையார் உங்கட அழைப்புக்கு நன்றி சொல்லுறா" எண்டன். "கோட்டில என்னை அசிங்கம் எண்டாங்கள். என்ர வீட்டாரே என்னைக் கைவிட்டினம்." நான், "படம் எடுக்கிறது மெத்தக் கஷ்டமான தொழில் எண்டு சொல்லுறா" எண்டன். கடைசியா மனிசி சனத்தின்ர பக்கம் திரும்பினா. "நீங்கள் ஊர் விட்டு வந்த ஆக்கள். நான் என்ன செய்யிறன் எண்டு தெரிஞ்சும் என்னை மதிச்சுக் கூப்பிட்டனீங்கள்." கண்ணால தண்ணி ஓடுது. நான், "தமிழ்ப் பண்பாடு தனக்கு நல்லாப் பிடிச்சிருக்காம்" எண்டன். மண்டபம் அதிர்ந்துது. மனிசி அந்தக் கைதட்டலைப் பாத்து இன்னும் அழுதா. அவவைக் காரில ஏத்தி அனுப்பினாப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

சனம் கலைய நான் கதிரைகளை மடக்கிக்கொண்டு நிண்டன். அண்ணையின்ர தங்கச்சி வந்து முன்னால நிண்டா. இரண்டு வருசமா டொச் வகுப்புக்குப் போறவ எண்டதைக் கழுதை எனக்கு ஆரும் சொல்லேல்லை.

"அவ சொன்னது எல்லாம் எனக்கு விளங்கினது" எண்டா.

நான் கதிரையைக் கீழ வைச்சன். "அண்ணையிட்டச் சொல்லப் போறீரோ?"

"அதுதானோ உங்களுக்குப் பயம்?" சத்தம் போடாமல்தான் கேட்டா. "அவ என்ன படம் எடுத்தாலும் அது அவவின்ர தொழில். அவ ஒண்டையும் ஒளிக்கேல்லை. தெரிஞ்சும் கூப்பிட்டனீங்கள் எண்டு அந்த மனிசி அழுதுது. நீங்கள் பக்கத்தில நிண்டு அதை விழுங்கினனீங்கள். நாளைக்கு என்னால உங்களுக்கு ஒரு வெக்கம் வந்தால், என்னைப் பற்றி ஊருக்கு என்னெண்டு சொல்லுவீங்கள்?"

கேட்டிட்டு நிண்டா. நான் ஏதும் சொல்லுவன் எண்டு உண்மையாவே பாத்துக்கொண்டு நிண்டா. எத்தினை பொய்யை அண்டைக்கு மளமளவெண்டு சொன்ன நான், குனிஞ்சு அடுத்த கதிரையை மடக்கினன்.

அவ அண்ணையிட்ட ஒண்டும் சொல்லேல்லை. இந்தக் கலியாணத்தில விருப்பமில்லை எண்டு மட்டும் சொல்லியிருக்கிறா. ஒரு கிழமை கழிச்சு அண்ணை என்னைத் தேடி ஹைமுக்கு வந்தார். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, "தம்பி, தங்கச்சிக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன், உம்மைப் போல ஒரு நேர்மையான பொடியன் அவளுக்குக் கிடைக்கமாட்டான்" எண்டார்.

பரவாயில்லை அண்ணை, அவவில கோபமில்லை எண்டு சொன்னன்.