இயந்திரத்தில் ஒடிந்த வால்வும் மல்லிகாவின் வேண்டுதலும்

அம்மனை நம்பும் சொந்தங்களே, என் மனைவி மல்லிகா பிழைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படியும் நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டில் சாமை குத்தும்போதே அவளுக்கு மூச்சு இரைக்கும். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். வெளிநாட்டு வால்வு எங்களுக்கு எட்டாது. நானோ நகரத்தில், செயற்கை வால்வு செய்து பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தேன். தண்ணீர் ஓடும் இயந்திரத்தில் வால்வைப் பொருத்தி, இதயத்தைவிட வேகமாகத் திறந்து மூட வைப்பார்கள். எத்தனை வருடம் தாங்கும் என்று சில மாதங்களில் தெரிந்துவிடும். அந்த இயந்திரத்தைக் கவனிப்பதுதான் என் வேலை. வால்வு தேறினால் மல்லிகாவுக்கு வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"தாயே, இது நிக்கக் கூடாது." எனக்கு வேறு வேண்டுதலே இல்லை.

ஆடி மாதம் ஒரு காலை, இயந்திரத்தின் சத்தம் மாறியது. வால்வின் தகட்டைத் தாங்கும் கம்பி ஒடிந்து கிடந்தது. வடிவத்தையே மாற்ற வேண்டும் என்றார்கள். மலையடிவாரத்து அமிர்தி வரை பஸ்ஸில் வந்து, மலையேறிய வழியெல்லாம் அம்மனைத் திட்டிக்கொண்டே போனேன்.

மல்லிகா அழவில்லை. "மிசின்லதானே ஒடிஞ்சிது மாமா? யார் நெஞ்சுலயும் இல்லியே. அம்மன இன்னாத்துக்குத் திட்ற? அடுத்தது ஒடியக் கூடாதுன்னு நான் வேண்டிக்கிறேன். யாருக்கு வெச்சாலும் செரி."

பொங்கலுக்கு முன்பே போய்விட்டாள். கோயில் பக்கமே நான் போகவில்லை. வேலையை மட்டும் விட முடியவில்லை.

புது வால்வு ஒடியவில்லை. சில வருடம் கழித்து, கண்ணமங்கலத்துப் பெண் ஒருத்திக்கு அதை வைத்தார்கள். உடம்பு தேறியதும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எங்களைப் பார்க்க வந்தாள்.

"அண்ணா, சத்தம் இல்லாத எடத்துல உக்காந்தா நெஞ்சுக்குள்ள டிக்கு டிக்குன்னு எனக்கே கேக்குதுங்க. பயமா கீது."

காது கொடுத்தேன். எனக்கும் கேட்டது.

"பயப்படாதம்மா. அது நிக்காது" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அந்த வாரமே மலைக்குப் போய் அம்மனுக்கு விளக்கேற்றினேன். இன்றும் ஏற்றுகிறேன். கேட்டது கிடைக்கவில்லை என்று கோயிலுக்கு வராமல் இருப்பவர்களே, வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். நான் கேட்டதும் கிடைக்கவில்லை. மல்லிகா கேட்டது கிடைத்தது.