முன்சீட்டில் இருந்த அண்ணை

போன மாதம் அப்பாவின் அடக்கப் பூசைக்கு, லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவில் கொள்ளாத சனம். பாதிப்பேர் அவருடைய பேஸ்போல் அணியில் ஒரு காலத்தில் விளையாடியவர்கள். வழுக்கையும் தொந்தியுமாக வந்து, "எங்கட மனேஜர்" என்று அழுதார்கள். எங்கட! இந்த வயதிலும் எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. எட்டு வயதில் தொடங்கிய வியாதி அது.

அப்பா லண்டனுக்கு வரமுதல் கனடாவில் ஒரு தொழிற்சாலை அணியில் விளையாடியவர். இங்கே வந்தும் விடவில்லை. முழங்கால் பழுதானதும் விளையாட்டை நிறுத்திவிட்டு மனேஜரானார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு குட்மேய்ஸ் பக்கத்துப் பூங்காவுக்குப் போய்விடுவார். நான் ஒரே பிள்ளை. அவரோடு இருக்க வேண்டுமானால் நானும் போகத்தான் வேண்டும்.

எனக்கு எட்டு வயதான கோடையில்தான் அந்த அண்ணை அணியில் வந்து சேர்ந்தார். மன்னாரிலிருந்து தனியாக வந்தவர், இருபது வயதிருக்கும். பந்தெறிவதில் சூரன். அப்பா அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவருவார். எனக்கே எனக்கென்று இருந்த காரின் முன்சீட் அண்ணைக்குப் போனது. பிறகு கோழிக்காலும் போனது. "தம்பி, வடிவாப் போட்டுச் சாப்பிடு" என்று அம்மாவும் கட்சி மாறிவிட்டார்.

ஒரு ஞாயிறு அண்ணையின் எறியெல்லாம் பிழைத்தது. ஒரு பந்து அடிக்க நின்றவரின் முதுகில் பட்டது. அடுத்தது ஒருவருக்கும் எட்டாத உயரத்தில் பறந்தது. இப்படி நடந்தால் மனேஜர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பந்தெறிபவர் நிற்கும் மண்மேட்டுக்கு நடந்துபோய்க் கதைக்கலாம். அப்பா நொண்டி நொண்டிப் போனார். அண்ணையின் தோளில் கை போட்டார். கதைத்தார், கதைத்தார், கதைத்துக்கொண்டே நின்றார். என்னோடு ஒருநாளும் அவ்வளவு நேரம் கதைத்ததில்லை. பல் தீட்டினியோ, பாடம் செய்தனியோ, அதோடு சரி.

எனக்குப் பொறுக்கவில்லை. பெஞ்சிலிருந்து எழும்பி மைதானத்துக்குள் ஓடினேன். நடுவர் கத்தினார். யாரோ சிரித்தார்கள். நான் போய் இருவருக்கும் நடுவில் புகுந்து நின்றேன்.

அப்பா பந்தைப் பற்றியே கதைக்கவில்லை.

"அழவேணும் போல இருந்தா தொப்பியை இறக்கிவிட்டிட்டு அழு தம்பி. நான் இப்பிடியே மறைச்சு நிக்கிறன். ஆக்கள் நாங்கள் விளையாட்டைப் பற்றிக் கதைக்கிறம் எண்டுதான் நினைப்பினம்."

அண்ணை தொப்பியைக் கண் மறைய இறக்கிவிட்டார். நான்கு பந்து பிழைத்ததற்கு அழுகையா! பள்ளிக்கூட ஓட்டப்போட்டியில் விழுந்து நான் அழுதபோது, "இதுக்கெல்லாம் அழுறதோ?" என்று கேட்டவர்தான் இந்த அப்பா. அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாங்கோ அப்பா, போவம்."

"கொஞ்சம் பொறு பிள்ளை" என்றார். மற்றக் கையை அண்ணையின் தோளிலிருந்து எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போகும்போது காரில் நான் பின்சீட்டில். அண்ணை வழக்கம்போல முன்னுக்கு. அவருடைய பிடரியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணை, உங்கட அம்மா உங்களுக்குச் சமைச்சுத் தரமாட்டாவோ? அவவிட்டைப் போய்ச் சாப்பிடலாம்தானே?"

அப்பா காரை ஓரமாக நிறுத்தினார். அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடினேன். விழவில்லை. அண்ணைதான் திரும்பினார்.

"ஓம் தங்கச்சி. போகத்தான் வேணும். ஏலாமக் கிடக்கு."

பிறகு கதவைத் திறந்து இறங்கினார். "நீங்கள் முன்னுக்கு வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

அன்று விடியத்தான் மன்னாரில் அவருடைய அம்மா இறந்துபோன செய்தி வந்திருந்தது. விசா வழக்கு முடியாததால் அடக்கத்துக்குப் போக வழியில்லை. அறையில் தனியே இருக்கமாட்டாமல் விளையாட வந்திருக்கிறார். இதெல்லாம் நான் வளர்ந்தபின் அம்மா சொல்லித்தான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் வென்றுவிட்டேன் என்பதுதான். முன்சீட்டில் ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பெருமையோடு அப்பாவைப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் திரும்பவும் எரிச்சல் வந்தது.