ஓர் உள்ளானுக்கு ஒன்பது ஆமாங்க

எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே நிற்பவர் மனம் கோணக்கூடாது என்று எதைக் கேட்டாலும் "ஆமாங்க" என்று சொல்லிவிடுவார்கள். மழை வரும்போல இருக்கிறதே என்றால் ஆமாங்க. வராதுபோல இருக்கிறதே என்றால் அதற்கும் ஆமாங்க. நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் நகல் எழுதும் வேலையில் இருந்தவள். விற்பவரையும் தெரியாமல், வாங்குபவரையும் தெரியாமல், பூமி எந்தத் திசையில் கிடக்கிறது என்பதும் தெரியாமல், "இவங்களை நல்லாத் தெரியுமுங்க" என்று சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்களைத் தினமும் பார்த்தவள். அதனாலோ என்னவோ, என் வாயில் அந்தச் சொல் சுலபமாக வராது. வந்தாலும் பின்னால் ஓர் "ஆனா" இல்லாமல் வராது. கல்யாணமான நாளிலிருந்து இந்த "ஆனா"வை அனுபவித்து வந்தவர் என் வீட்டுக்காரர்.

அவர் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் நூல் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். பத்தடி தள்ளி நின்றே நூல் எங்கே மெலிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். என் தலையில் முதல் நரையைக் கண்டுபிடித்து அறிவித்த புண்ணியவானும் அவர்தான். மில்லில் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பியபோது, அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், அதுவரை ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியமாக இருந்த பறவை பார்த்தலை முழுநேரப் பைத்தியமாக மாற்றிக்கொண்டார். வருடம் ஒருமுறை, மாசி கடைசியில், பறவை ஆசைப்பட்டவர்களை ஒரு வேனில் ஏற்றிக் கோடிக்கரைக்கு அழைத்துப்போய்க் காட்டுவார். வடக்கேயிருந்து வந்த பறவைகள் திரும்பிப்போக மூட்டை கட்டும் நேரம் அது. விருந்தாளி கிளம்பும்போது போய் வாசலில் நிற்கிறோமே என்று நான் கேட்டதுண்டு. கிளம்புவதற்கு முன்னால்தான் அவற்றின் இறகில் நிறம் ஏறும் என்று பதில் வரும்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எழுதும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு கட்டம். ஒன்றில் "பார்த்தவர்", இன்னொன்றில் "உடன் பார்த்தவர்". முதல் கட்டத்தில் அவர் கையெழுத்துப் போடுவார், இரண்டாவதில் நான். தன் கண்ணால் பார்க்காத பறவை ஒன்றுகூட அந்த நோட்டில் கிடையாது என்பதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. மில்லில் கொடுத்த வெள்ளிக் குத்துவிளக்கு அலமாரியில் கறுத்துக் கிடந்தது. நோட்டுக்குத்தான் பிளாஸ்டிக் உறை.

அந்த நோட்டில் ஏறாத பறவை ஒன்றும் இருந்தது. கரண்டிவாய் உள்ளான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, அலகின் நுனி மட்டும் கரண்டிபோலப் பட்டையாக இருக்கும். எங்கோ பனிப்பிரதேசத்திலிருந்து வருவது, கோடிக்கரையில் எப்போதோ யாரோ பார்த்ததாகச் சொல்வது. பன்னிரண்டு வருடமாக அதைத் தேடிக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடியதில்கூட இந்தப் பாடு படவில்லை.

இதற்கிடையில் அவர் கண் மங்கத் தொடங்கியது. காப்பிக்குச் சர்க்கரை என்று உப்பைப் போட்டார். பேப்பரை வாசலுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். கண்ணைக் காட்டலாம் என்றால், "வெயில் கூச்சம், வேறொண்ணுமில்லை" என்பார். நாடு முழுவதும் கண் வைத்தியத்துக்குக் கோயம்புத்தூர் வருகிறது, இவர் மட்டும் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு வெயிலைக் குற்றம் சொன்னார். கண் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டால் நோட்டை மூடவேண்டும். அந்தப் பயம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை நானும் சொல்லவில்லை.

அந்த வருடம் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேனில் ஒன்பது பேர். அதில் முக்கியமானவர்கள் பம்பு செட் பட்டறை முதலாளியும் அவர் மனைவியும். கழுத்தில் சிங்கப்பூர் பைனாகுலர் தொங்க, காலையில் ஏறிய முதலாளி சூலூர் தாண்டுவதற்குள் கச்சாயப் பலகார டப்பாவைத் திறந்துவிட்டார். எந்தப் பறவையைக் காட்டினாலும் அவரிடம் ஒரே கேள்விதான்.

"ஏனுங்க, இதைச் சாப்புடலாங்களா?"

"சாப்புடக் கூடாதுங்க. சட்டப்படி குத்தமுங்க."

"ஆமாங்க ஆமாங்க. கேட்டு வெச்சுக்கலாம்னுதானுங்க."

உப்பளத்து வரப்பில் நின்று முதல் நாள் அவருக்கு நெடுங்கால் உள்ளானைக் காட்டினோம். சிவப்புக் குச்சிக் காலில் அது நடப்பதைப் பார்த்து, கடவுளின் படைப்பை எண்ணி உருகிவிட்டார். அதே பறவை சிங்காநல்லூர்க் குளத்தில் கூட்டமாக நிற்கிறது. அந்தக் குளக்கரை வழியாகத்தான் அவர் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு பட்டறைக்குப் போகிறார். நான் இதைச் சொன்னதும், "அட, அப்படீங்களா" என்றார். அந்தக் குளத்துப் பறவைமேல் அவருக்கு மரியாதை வந்ததாகத் தெரியவில்லை. பத்து மணி நேரம் வேனில் போகாமல் பார்த்த பறவை பறவையா?

எங்களிடம் ஸ்டாண்டு வைத்த தொலைநோக்கி ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் அதில் ஒரு பறவையைப் பிடித்து வைப்பார், மற்றவர்கள் வரிசையாக வந்து ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கவேண்டும். பூநாரைக் கூட்டத்தைப் பிடித்து வைத்தார். மூன்றாவதாக வந்த அம்மாவின் கைப்பை இடித்து, குழல் திரும்பிவிட்டது. நான் பக்கத்திலேயே நின்றேன். அது காட்டிக்கொண்டிருந்தது ஓர் உப்புக் குவியலை. அதன் பிறகு வந்த ஆறு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"தெரியுதுங்களா?"

"ஆமாங்க. வெள்ளைவெளேர்னு எவ்வளவு அழகா நிக்குதுங்க."

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துபோய் நின்றார். இத்தனை நாளாக அவர் காட்டிய பறவைகளில் எத்தனை உப்புக் குவியலாக இருந்திருக்கும் என்று நான் அப்போதே யோசித்தேன். சொல்லியிருக்கலாம். ஒன்பது பேர் முன்னால் சொல்ல மனம் வரவில்லை. குழலை மட்டும் திருப்பி வைத்தேன்.

இரண்டாம் நாள் காலை, சேற்றுத் திட்டில் கொசு உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. பெயருக்கு ஏற்ற அளவுதான். ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. குழலில் கண்ணை வைத்திருந்த அவர் திடீரென்று அசையாமல் நின்றார்.

"கரண்டிவாய்" என்றார், தனக்குத் தானே சொல்வதுபோல. பிறகு எல்லோரையும் பார்த்து, "மெதுவா வாங்க. அலகோட நுனியைப் பாருங்க. பட்டையா இருக்குதா, சொல்லுங்க" என்றார்.

வரிசை நகர்ந்தது.

"ஆமாங்க."

"ஆமாங்க, பட்டையாத்தானுங்க இருக்குது."

பட்டறை முதலாளி, "கரண்டியேதானுங்க" என்றார். அவர் மனைவி ஒருபடி மேலே போய், "எங்கூட்டு எண்ணெய்க் கரண்டியாட்டவே இருக்குதுங்க" என்றார். ஒன்பது பேர், ஒன்பது ஆமாங்க. எங்கள் அலுவலக வாசலில்கூட ஒரு காரியத்துக்கு இத்தனை சாட்சி சிக்கியதில்லை.

கடைசியாக நான் குனிந்தேன். பறவை குழலுக்குள் சரியாகத்தான் இருந்தது. அலகின் நுனியும் பட்டையாகத்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டடி ஓடி, தேங்கிய நீரில் மூக்கை முக்கி, தலையை இரண்டு முறை உதறியது. நுனியில் ஒட்டியிருந்த சேறு கரைந்துபோயிற்று. மிஞ்சியது ஊசி மாதிரி ஒரு கறுப்பு அலகு. மற்ற கொசு உள்ளான்களோடு சேர்ந்து அதுவும் ஓடிவிட்டது, இனி அதைத் தனியாக அடையாளம் சொல்ல யாராலும் முடியாது.

அந்த ஒன்பது பேரும் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் கரண்டிவாய் உள்ளானைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பறந்தது, திரும்பிப் பார்த்தது, குரல் கொடுத்தது என்று வருடத்துக்கு ஒன்று கூடிக்கொண்டு போகிறது. அன்று அவர்கள் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, இட்லி ஆறிவிடும் என்று வேனுக்கு நடந்தார்கள். அவர் வரப்பின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தாரா, வேர்வையைத் துடைத்தாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூச்சமாக இருந்தது.

நோட்டைத் திறந்து தேதி போட்டேன். பறவையின் பெயரையும் எழுதினேன்.

"நீ பாத்தயா அம்மணி?"

"பாத்தனுங்க."

"கரண்டிவாய்தானா?"

இல்லை என்று சொன்னால் அடுத்த பேச்சு கண்ணைப் பற்றித்தான். சேற்றுக்கும் அலகுக்கும் வித்தியாசம் தெரியாத கண். அதைச் சொல்லும் ஆளாக நான் இருக்கவேண்டாம் என்று தோன்றியது. இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது பயம். பன்னிரண்டு வருடமாக அவரைக் கேலி பேசியே பிழைத்தவளுக்கு, அவர் வெறும் கையோடு வரப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் தைரியம் இல்லை.

"ஆமாங்க" என்றேன்.

அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, என் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உப்பளத்தில் யாரோ மண்வெட்டியால் இழுக்கும் சத்தம் கேட்டது. "எழுதுனதை அடிச்சுப்போடு" என்றார்.

"ஏனுங்க?"

"கண்ணு மங்கிப்போச்சுன்னு எனக்கே தெரியும். காது நல்லாத்தான் கேக்குது. இத்தனை வருசத்துல நீ ஒரு ஆமாங்கவோட நிறுத்துனதே இல்லையே அம்மணி. எங்கே உன்ற ஆனா?"

எழுதியதை ஒரே கோடாக அடித்தேன்.

"என்ன பாத்தயோ அதை எழுது."

எழுதினேன். படிக்கச் சொன்னார். "கொசு உள்ளான், ஒன்று. அலகில் சேறு" என்று படித்தேன். சேறு என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. வழக்கம்போல முதல் கட்டத்துக்கு நேராகப் பேனாவை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நான் பாக்கலை. பாத்தவ நீதான், நீயே போடு" என்றார்.

அவர் கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். உடன் பார்த்தவர் என்ற கட்டத்துக்கு, வேன் பக்கம் இட்லி தின்றுகொண்டிருந்த ஒன்பது பேரில் யாரைக் கூப்பிட்டாலும் ஓடி வந்து போட்டிருப்பார்கள். அதைக் காலியாக விட்டோம்.